காமாட்சி படித்த உடற்கூற்றியல்

தாதியர் பயிற்சி இப்போது பட்டப்படிப்பாகிவிட்டது. இதயம் சுருங்கி விரிவதைப் பிள்ளைகள் திரையில் பார்த்துப் படிக்கிறார்கள். ஆனால் முதலாம் ஆண்டில் வரும் பயம் மட்டும் மாறவில்லை. அண்மையில் பதுளைக்குப் போயிருந்தபோது, என்னிடம் வேலை பழகி இப்போது வார்ட் பொறுப்பில் இருக்கும் ஒருத்தி, பயிற்சியில் இருக்கும் சில பெண்களை என்னைப் பார்க்கக் கூட்டிவந்தாள். அவர்களில் ஒரு பெண், "எவ்வளவு படிச்சாலும் உடற்கூற்றியல் மண்டையில நிக்க மாட்டேங்குது மிஸ். நீங்கல்லாம் எப்படிப் படிச்சீங்க?" என்று கேட்டாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. இந்தக் கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அன்றும் அதைத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அது போதவில்லை என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். நான் படித்த தாதிப் பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் மலையகத்துப் பண்டாரவளைக்காரி. அப்பா மரக்கறி மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதினார். அறுபதுகளின் நடுவில் எனக்குத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. எங்கள் அணியில் சிங்களப் பிள்ளைகள்தான் அதிகம். தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சப் பேர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்தவள் ஒருத்திதான். அவள்தான் காமாட்சி. அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து பறிப்பவள். தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காத பிரஜாவுரிமைக் காகிதம் கையில் இருந்த அதிர்ஷ்டசாலிக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அது இல்லாமல் அரசாங்கப் பயிற்சிக்கு மனுப்போடவே முடியாது. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புவரை படித்து, பிறகு பட்டணத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரிகளின் தயவில் தங்கி ஆங்கிலமும் படித்து முடித்து வந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் விடுதியில் ஒரே அறை.

முதலாம் ஆண்டில் மனித உடம்பின் அமைப்பும் அதன் இயக்கமும்தான் பெரிய பாடம். எல்லாம் ஆங்கிலத்தில். ஆண்டு முடிவில் பரீட்சை. தவறினால் ஒரு தடவை மறுபடி எழுதலாம். அதிலும் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பாடம் மட்டும் என்றால் பரவாயில்லை. காலையில் வார்ட் வேலை, மதியத்துக்குப் பிறகு விரிவுரை, மாலையில் சில நாட்கள் மறுபடியும் வார்ட். படுக்கை விரித்து, நோயாளிகளைக் கழுவி, பாத்திரம் சுமந்துவிட்டு உட்கார்ந்தால், புத்தகத்தில் எழுத்துகள் எறும்பாக ஊரும்.

எங்களுக்குப் பாடம் சொன்னவர் மூத்த தாதியான அருளம்மா சிஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உருவம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குச் சில முறைகள் இருந்தன. விரிவுரை அறையில் ஒரு மரப்பெட்டியில் உண்மையான மனித எலும்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து, நாங்கள் பார்க்காதபடி தலையணை உறைக்குள் போட்டு, வாயைச் சுருட்டி எங்கள் கையில் தருவார். உறைக்குள் கையை விட்டுத் தடவி அது என்ன எலும்பு, வலப்பக்கத்ததா இடப்பக்கத்ததா என்று சொல்ல வேண்டும். மேடு எங்கே, பள்ளம் எங்கே, எந்தத் தசை அங்கே ஒட்டும் என்று விரலாலேயே தேடிச் சொல்ல வேண்டும். பெயரை மனப்பாடம் செய்து வந்தவர்கள் விழிப்பார்கள். "பேர் பிறகு வரட்டும் பிள்ளை. முதல்ல கைக்குத் தெரியவேணும்" என்பார்.

அதேபோல, படித்ததைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இன்னொருத்திக்குச் சொல்ல வேண்டும். ஒருத்தி கேட்க, மற்றவள் சொல்வது. இரத்தம் இதயத்துக்குள் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதை நடந்துகொண்டே சொல்லச் சொல்வார். சொல்ல முடியாமல் எங்கே நிற்கிறோமோ அங்கேதான் அன்றைய பாடம். அதைமட்டும் திறந்து பார்த்துவிட்டு மூட வேண்டும். நாள் ஒன்றுக்குக் கொஞ்சம், ஆனால் எல்லா நாளும். வார்டிலிருந்து வந்ததும் குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் புத்தகத்தைத் தொடலாம். விளக்கணைக்கும் மணிக்குப் பிறகு தொடக் கூடாது. ஞாயிறு பின்னேரம் எல்லாரும் வெளியே நடந்துபோய் வர வேண்டும். யாராவது கையில் குறிப்பை மடித்துக் கொண்டுபோனால் வாசலில் நின்று வாங்கி வைத்துக்கொள்வார்.

மாதத்தில் ஒருமுறை எங்களை வரிசையாக நிறுத்தி நிறை பார்ப்பார். அந்தக் காலத்தில் காசநோய் வார்டில் வேலைசெய்யும் பிள்ளைகளுக்கு அது தொற்றுவது உண்டு. நிறை குறைந்தால் அந்தப் பிள்ளைக்குத் தனியாகப் பால், முட்டை. மேலும் குறைந்தால் வார்டிலிருந்து ஓய்வு. ஓய்வு என்றால் வேலைக்கு வந்த நாட்களின் வரவு குறையும். வரவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாமல் அடுத்த அணிக்குத் தள்ளப்பட வேண்டி வரலாம்.

காமாட்சிக்கு இந்த முறைகள் எதிலும் நம்பிக்கை வரவில்லை. இதெல்லாம் வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வாங்குகிறவர்களின் பிள்ளைகளுக்கு என்று நினைத்தாள். தனக்கு ஒரே வழி, மற்றவர்கள் தூங்கும்போது படிப்பது. விளக்கணைத்த பிறகு குளியலறைப் பக்கத்து நடைவழி விளக்கின் கீழே போய் உட்கார்ந்துகொள்வாள். புத்தகத்தின் பக்கங்களை அப்படியே காகிதத்தில் எழுதுவாள். மறுபடியும் எழுதுவாள். சாப்பாட்டு நேரத்தையும் அதற்கே கொடுத்தாள். பாண் துண்டை மடித்துக்கொண்டு போய், பிளேன் டீயில் நனைத்து விழுங்கிவிட்டு எழுதுவாள். நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். போய்ப் படு, சிஸ்டர் சொன்னமாதிரி எனக்குச் சொல்லிப்பார் என்பேன். சரி என்று வந்து படுப்பாள். நான் கண்ணயர்ந்ததும் எழுந்துவிடுவாள்.

ஒருநாள் துணி துவைக்கும்போது கோபமாகவே கேட்டேன், ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று. அவள் சவர்க்காரம் போடுவதை நிறுத்தவில்லை.

"நீ ஃபெயிலானா ஒங்கப்பா ரெண்டு நாளு பேச மாட்டாரு. அவ்வளவுதான். நான் ஃபெயிலானா எங்க லயத்துல இனி ஒரு பொம்பளப் புள்ளையையும் படிக்க அனுப்ப மாட்டாங்க தனம். காமாட்சிய அனுப்பி என்னத்தக் கண்டோம்னு சொல்லுவாங்க. எனக்குக் கீழ மூணு தங்கச்சி இருக்கு."

நான் அடுத்த துணியை எடுத்து அலசத் தொடங்கினேன்.

இவ்வளவு எழுதியும் உறைக்குள் கைவிட்டுச் சொல்லும்போது அவளுக்குத் தடுமாறியது. எழுதியபடி சொல்லத் தெரியும். எலும்பைத் திருப்பிக் கொடுத்தால் தெரியாது. அதனால் இன்னும் பயந்து, இன்னும் எழுதினாள். கன்னம் ஒட்டியது. மாலையானால் கண் மினுமினுக்கும். மலைக்குளிருக்குத் தனக்கு எப்போதும் வரும் இருமல் என்று சொன்னாள். நிறை பார்க்கும் நாளில் மட்டும் குறையாமலே இருந்ததால் சிஸ்டருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

பரீட்சைக்குச் சில மாதங்கள் முன்பு வழக்கம்போல வரிசையில் நின்றோம். காமாட்சி தராசுப் பலகையில் ஏறினாள். அடுத்தது என் முறை. அவள் நின்றதும் ஒரு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. குனிந்து இருமினாள். அப்போது அவள் சீருடைக்குள்ளிருந்து கனமான ஏதோ நழுவி, பலகையில் பட்டுச் சிமெந்துத் தரையில் விழுந்தது. விடுதிச் சமையலறையில் அரிசி நிறுக்கும் இரும்புப் படிக்கல். இரண்டு இறாத்தல் கல். பாவாடை நாடாவில் துணியால் முடிந்து வைத்திருந்தாள்.

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்துவிட்டாள். அருளம்மா சிஸ்டர் குனிந்து அதை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்து மேசையில் வைத்தார். மற்றவர்களைப் போகச் சொன்னார். நான் அவளுடைய அறைக்காரி என்பதால் இருக்கச் சொன்னார்.

"எத்தினை மாசமா, பிள்ளை?"

இதற்கு முந்தின தடவையும் வைத்திருந்ததாகக் காமாட்சி சொன்னாள். அதற்கு முந்தின தடவை சின்னக் கல்.

இருமல் எப்போதிருந்து, பின்னேரத்தில் காய்ச்சல் காய்கிறதா, சளியில் இரத்தம் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நோயாளியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்த அதே வரிசையில், அதே நிதானத்தில் கேட்டார். கடைசிக் கேள்விக்குக் காமாட்சி ஆம் என்று தலையசைத்தாள். பிறகு கேட்டாள்:

"பரீட்ச முடிஞ்சி நெஞ்சுப் படம் எடுத்துக்கலாங்களா, சிஸ்டர்?"

அவர் அவளைக் கதிரையில் உட்காரவைத்தார். தானும் உட்கார்ந்தார். நாங்கள் நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னார்:

"நான் தராசைத்தான் பாத்தனான். பிள்ளையைப் பாக்கேல்லை."

அன்றே நெஞ்சுப் படம் எடுத்தார்கள். வலப்பக்க நுரையீரலின் மேல்பகுதியில் குழி விழுந்திருந்தது. சளியிலும் கிருமி இருந்தது. நுரையீரல் அவளுக்கு மிகவும் பிடித்த பாடம். அதன் மடல்களையும் கிளைக்குழாய்களையும் வரைந்து கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்தாள். மாலையில் நான் அவளுடைய துணிகளை எடுக்க வந்தபோது அந்தப் படத்தையும் எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். அப்படியே விட்டுவிட்டேன்.

காசநோய் வார்ட் மற்றக் கட்டடங்களிலிருந்து விலகி, சரிவில் இருந்தது. தினமும் ஊசி, மாத்திரை, காற்றோட்டம், ஓய்வு. எழுந்து நடக்கக்கூட அனுமதியில்லை. வாசிப்பதையும் மருத்துவர் தடுத்துவிட்டார். முதல் நாட்களில் காமாட்சி சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருந்தாள். அருளம்மா சிஸ்டர் தினமும் போனார். காய்ச்சல் இறங்கியதும் மருத்துவரிடம் பேசி ஒரு சலுகை வாங்கினார். நாள் ஒன்றுக்கு ஒரு கேள்வி. புத்தகம் கிடையாது. நான் வேலை முடிந்து வந்து ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நின்று கேட்பேன். அவள் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தெரியாவிட்டால் நான் சொல்வேன். மறுநாள் அதையே மறுபடி கேட்பேன்.

இப்படித்தான் அவள் உண்மையில் படித்தாள். நன்றாகத் தூங்கினாள். முட்டை சாப்பிட்டாள். முகத்தில் சதை வைத்தது. உணவு இரைப்பையிலிருந்து இரத்தத்துக்குள் போகும் வழியை ஒருநாள் ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லி முடித்துவிட்டு, கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"படுத்துக்கிட்டே படிச்சா ஏறுது தனம். இது தெரியாம அம்புட்டுக் காகிதத்த வீணாக்கிட்டேன்."

வரவு குறைந்திருந்தும், சிஸ்டர் பேசியதால், பரீட்சையை வராந்தாவில் ஒரு மேசை போட்டு எழுத அனுமதித்தார்கள். அவள் எழுதிய தாள்களைக் கிருமி போக வெயிலில் வைத்து எடுத்துத்தான் அனுப்பினார்கள். எங்கள் அணியில் அவளுக்குத்தான் முதலிடம். பெயரைப் படித்தபோது, தராசடியில் சிரித்தவளும் சேர்ந்து கைதட்டினாள்.

ஆனால் அந்தக் காலத்து விதி வேறு. நெஞ்சில் நோய் வந்தவரைத் தாதி வேலைக்கு எடுப்பதில்லை. மருத்துவக் குழு தகுதியில்லை என்று எழுதியது. அருளம்மா சிஸ்டர் கொழும்புக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். குணமான பிறகு பரிசோதித்து எடுக்கலாமே, அலுவலக வேலையாவது கொடுக்கலாமே என்றெல்லாம் கேட்டிருக்கிறார். இரவு அஞ்சல் ரயிலில் திரும்பி வந்தவர் நேரே எங்கள் இரண்டாமாண்டு வகுப்புக்கு வந்து சிறுநீரகம் நடத்தினார். ஆட்டுச் சிறுநீரகத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும்போது அவருடைய கத்தி ஒரு தடவை நின்றது. பிறகு தொடர்ந்தார். முடிவு என்ன என்று எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மகளைக் கூட்டிப்போகக் காமாட்சியின் அப்பா வந்தார். கறுப்புக் கோட்டு போட்டு, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி நின்றார். சிஸ்டர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"புள்ள பாடத்துல தவறிருச்சிங்களா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. உங்கட மகள்தான் முதலாவது."

அவர் தலைப்பாகையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அப்ப ஏங்க கூட்டிட்டுப் போகச் சொல்றீங்க?"

சிஸ்டர் விளக்கினார். நோய் என்ன, மருந்து எவ்வளவு காலம் போட வேண்டும், விதி என்ன. அவர் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. போகும்போது சிஸ்டரைக் கும்பிட்டார். சிஸ்டரும் எழுந்து நின்று கும்பிட்டார். காமாட்சி என்னிடம், "நீ நல்லாப் படி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு எனக்கு வேலை ஓடியது. பயிற்சி முடித்து, பல ஊர்களில் இருந்துவிட்டு, எழுபதுகளில் பெண்கள் வார்டொன்றின் பொறுப்புக்கு வந்தேன். அருளம்மா சிஸ்டர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போயிருந்தார். என் வார்டுக்கு வந்த மாணவத் தாதிகளுக்கு அவருடைய முறைகளையே சொல்லிக் கொடுத்தேன். மூடிவைத்துச் சொல், கையால் தெரிந்துகொள், நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. பலருக்கு அது பலன் கொடுத்தது. காமாட்சி குணமாகி, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள் என்றும், தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள் என்றும் கேள்விப்பட்டேன். அவளுடைய தங்கைகளில் யாரும் பட்டணத்துக்குப் படிக்க வரவில்லை.

பிறகு தோட்டங்களில் பட்டினி வந்தது. அரிசியும் மாவும் கிடைக்காத காலம். லயங்களிலிருந்து வீங்கிய கால்களோடும் ஒட்டிய வயிற்றோடும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தோம். அப்படி ஒரு காலையில் தோட்டத்து லொறியில் வந்த ஒருத்தியை என்னால் அடையாளம் காண முடியவில்லை. அவள்தான் என்னைக் கண்டாள். "தனம்" என்றாள். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடுகிறவர்கள் அந்த மருத்துவமனையில் அப்போது யாருமில்லை.

நோய் திரும்பியிருந்தது. இரண்டு பக்கமும். கிடைத்த ரொட்டியை மகளுக்கும் பிள்ளைக்காம்பராக் குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்து நாளை ஓட்டினாள் என்று அவள் கணவர் சொன்னார். மருந்து தொடங்கினோம். ஆனால் மருந்தைத் தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. அவளைத் தனியறைக்கு மாற்றினேன். நேரம் கிடைத்தபோதெல்லாம் போய் உட்கார்ந்தேன். ஒருநாள் கேட்டாள், நுரையீரலில் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு போயிருக்கிறது என்று. படத்தில் இருந்ததை மறைக்காமல் சொன்னேன். புரிந்துகொண்டு தலையசைத்தாள்.

அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. அந்த நடைவழி விளக்கின் கீழே உட்காராமல் இருந்திருந்தால் உனக்கு இது வந்தே இருக்காது காமாட்சி என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். அவளுக்குக் கோபம் வரவில்லை. மூச்சு வாங்கி வாங்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அப்படிச் சொல்லாத தனம். லயத்துல ஒரே காம்பராவுல ஏழு பேரு. தனியா உக்காந்து நான் எங்கிட்டு இருந்தேன்? அந்த வெளக்கடியில மட்டுந்தான். அந்தப் புஸ்தகமும் நானும். பாடம் ஏறல, அது வேற. ஆனா அப்ப இருந்த சந்தோசம் எனக்குப் பொறகு வரல."

சில நாட்களில் ஒரு பின்னேரம் அவள் போய்விட்டாள். உடம்பைக் கழுவித் துடைக்கும் கடமையை மற்றவர்களிடம் விடாமல் நானே செய்தேன். கையைத் தூக்கித் துடைக்கும்போது அதில் பாரமே இல்லை. தோளெலும்பு, காறையெலும்பு, விலாவெலும்புகள் எல்லாம் தோலுக்கு மேலே அப்படியே தெரிந்தன. பார்க்காமல் கையால் சொல்லப் பழகியவள் நான். அன்று தொடவே வேண்டியிருக்கவில்லை. கணவர் தோட்டத்து லொறியில் அவளைக் கொண்டுபோனார். சில வருடங்களுக்குப் பிறகு, பிரஜாவுரிமை கிடைக்காத அவரும் மகளும் ஒப்பந்தப்படி இந்தியா போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு எந்த ஊர் கிடைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் அருளம்மா சிஸ்டருடைய பதில்தான். அது சரியான பதில். அதில் எனக்குச் சந்தேகமில்லை. தூக்கத்தை விற்றுப் படித்த பாடம் பரீட்சை நேரத்தில் கைகொடுக்காது. உடம்பைப் பற்றிப் படிக்கிறவர்கள் தங்கள் உடம்பைப் பட்டினிபோடக் கூடாது. ஆனால் காமாட்சி கடைசியாகச் சொன்னதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அதனால் அதை யாரிடமும் சொல்லாமலே இருந்தேன்.

காமாட்சியைக் கொண்டுபோன மறுநாள் வழக்கம்போல வார்டுக்குப் போனேன். பரீட்சைக் காலம். பின்னேரத் தேநீர் கொடுக்கும் நேரத்தில், அதைக் கொடுக்க வேண்டிய முதலாமாண்டு மாணவத் தாதி ஒருத்தியைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனபோது துணி வைக்கும் அறைக்குள், மடித்து வைத்த விரிப்புகளின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் புத்தகம் திறந்திருந்தது. பார்த்தால் எழுப்பிக் கண்டித்து விடுதிக்கு அனுப்புவதுதான் என் வழக்கம். அன்று புத்தகத்தை எடுத்து, பக்கம் தவறாமல் மூடி, அவள் பக்கத்தில் வைத்தேன். அறைக் கதவைப் பாதி சாத்தினேன். பிறகு தேநீர் வாளியை நானே தூக்கிக்கொண்டு, கட்டில் கட்டிலாகப் போய் ஊற்றத் தொடங்கினேன்.